கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே: ‘தி ஆர்டர்: 1886’ எங்கே சறுக்கியது?

2015 பிப்ரவரி 20 அன்று சோனியின் பிளேஸ்டேஷன் 4 கன்சோலுக்கு மட்டுமாக வெளியான ‘தி ஆர்டர்: 1886’ என்ற வீடியோ விளையாட்டின் மீதான தீர்ப்பு, டிஸ்க் கடைக்கு வருவதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. வெளியீட்டுக்குச் சில நாட்கள் இருக்கும்போது யாரோ ஒருவர் முழு விளையாட்டையும் ஆடிப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றிவிட்டார். முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை ஐந்தரை மணி நேரத்துக்குள் முடிந்திருந்தது. அதிலும் கணிசமான பங்கு, கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கவேண்டிய கட்சீன்கள். 60 டாலருக்கு இவ்வளவுதானா என்று ஒரு தரப்பு கொதித்தது. கதை நன்றாக இருந்தால் மணிக்கணக்குப் பார்ப்பார்களா என்று இன்னொரு தரப்பு எகிறியது. இதை உருவாக்கிய ரெடி அட் டான் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரு வீரசூரியா, நீளத்தை வைத்து ஒரு விளையாட்டை எடைபோடக் கூடாது என்று பேட்டிகளில் சொல்லிப்பார்த்தார். கேட்கிற மனநிலையில் யாரும் இல்லை. விமர்சனங்கள் வந்தன, விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் சராசரி நூற்றுக்கு 63-இல் போய் நின்றது.

நான் இதை ஆடியது அந்தச் சத்தமெல்லாம் அடங்கி, பழைய டிஸ்க் மலிவாகக் கைமாறிக்கொண்டிருந்த காலத்தில். எனக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சுவரில் மாட்டிய ஓவியத்தையெல்லாம் நின்று பார்க்கிற ஆள் நான். ஆடி முடித்தபோது, இரண்டு தரப்பும் தண்ணீர் இல்லாத இடத்தில் கிணறு தோண்டிக்கொண்டிருந்ததாகத் தோன்றியது. சினிமா போல இருப்பதை இந்த விளையாட்டின் குற்றமாக என்னால் எழுத முடியவில்லை. கதை திரும்புகிற இடங்களில் எல்லாம் ஆடுபவரின் கைக்கு ஒரு வேலையும் கொடுக்காமல் விட்டார்களே, குற்றப்பத்திரிகையில் எழுதவேண்டியது அதுதான். கதையின் முடிச்சுகளை இங்கே அவிழ்க்கப்போகிறேன். இனிமேல்தான் ஆடப்போகிறேன் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கையடக்கக் கருவியிலிருந்து லண்டனுக்கு

கலிஃபோர்னியாவின் அர்வைனில் இயங்கிய ரெடி அட் டான், அதுவரை பெயர் வாங்கியது பிஎஸ்பி என்கிற கையடக்கக் கருவியில். 2006-இல் ‘டாக்ஸ்டர்’, 2008-இல் ‘காட் ஆஃப் வார்: செய்ன்ஸ் ஆஃப் ஒலிம்பஸ்’, 2010-இல் ‘கோஸ்ட் ஆஃப் ஸ்பார்ட்டா’. உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கருவியிலிருந்து அவர்கள் கறந்த காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு, இவர்களிடம் ஒரு பெரிய கன்சோலைக் கொடுத்தால் என்ன ஆகும் என்ற ஆசை இருந்தது. 2013 ஜூனில் இ3 என்கிற விளையாட்டுக் கண்காட்சி மேடையில் சோனி அந்த ஆசைக்கு ஒரு டிரெய்லரைப் போட்டது. அதே வாரத்தில்தான் நாட்டி டாக்கின் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ பிஎஸ்3-இல் வெளியாகி மெட்டாக்ரிட்டிக்கில் 95 வாங்கியது. சோனி பெயரோடு வரும் கதை விளையாட்டு என்றால் இந்த உயரம் என்று மனதுக்குள் கோடு விழுந்த வாரம் அது. பாவம், ‘தி ஆர்டர்’ அந்தக் கோட்டுக்குக் கீழேயே பிறந்தது.

கதைக்களம் ஒரு மாற்று லண்டன். ஆர்தர் அரசரின் வட்டமேசை வீரர்கள் பிளாக்வாட்டர் என்ற திரவத்தைக் குடித்து நூற்றாண்டுகளாக உயிரோடு இருக்கிறார்கள். மனித ஓநாய்களை வேட்டையாடுவது அவர்கள் தொழில். நிக்கோலா டெஸ்லா அவர்களுக்கு ஆயுதம் செய்து கொடுக்கிறார். நாம் ஆடுவது சர் கலஹாட் என்ற மீசைக்காரராக (அந்த மீசையை வைத்து அப்போது வந்த கிண்டல்களை மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்). நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு கூடுதல் சுவாரசியம் உண்டு: வைட்சாப்பல் பகுதியில் கிளர்ச்சி செய்யும் கூட்டத்தின் தலைவி, ஜான்சி ராணி லட்சுமிபாய். நிஜத்தில் 1858-இல் போரில் இறந்தவர். இங்கே 1886-இலும் இருக்கிறார். எதிரி, யுனைட்டட் இந்தியா கம்பெனி. யாரை மனதில் வைத்து அந்தப் பெயர் என்று விளக்க வேண்டியதில்லை. இந்தக் கருவை மட்டும் சொல்லி ஒருவரை வாங்க வைக்கலாம். நானும் அதில் விழுந்தவன்தான்.

அந்த லண்டனை அவர்கள் கட்டிய விதத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. துணி, தோல், பித்தளை ஒவ்வொன்றின் மீதும் ஒளி எப்படி விழுகிறது என்பதைப் பிடிக்க உண்மையான துணிகளை ஸ்கேன் செய்து பார்த்தார்கள்; அந்த வேலையை 2013-இல் கணினி வரைகலைக்கான சிக்ராஃப் மாநாட்டில் மற்றவர்களுக்கும் விளக்கினார்கள். கட்சீன்கள் முன்கூட்டியே பதிந்து வைத்த வீடியோக்கள் கிடையாது. ஆடும்போது ஓடும் அதே எஞ்சினில், அதே முகங்களோடு அந்த நொடியில் உருவாகிறவை. அதனால் காட்சி முடிந்து ஆட்டம் தொடங்கும் இடத்தில் தையல் தெரியாது. இத்தனை வருடங்கள் கழித்துப் பார்த்தாலும் அந்தக் கோட்டுகளின் நெசவு கண்ணை நிறுத்துகிறது.

140 பிக்சல்

சர்ச்சையில் அதிகம் அடிபட்டவை இரண்டு முடிவுகள்: திரையின் அகலமும் பிரேம் வேகமும் (நொடிக்கு எத்தனை படம் காட்டுகிறது என்பது).

தொலைக்காட்சித் திரை 1920-க்கு 1080 பிக்சல். ‘தி ஆர்டர்’ வரைந்தது 1920-க்கு 800. மேலே 140, கீழே 140 பிக்சல் கறுப்புப் பட்டை, விளையாட்டு முழுவதும். தியேட்டர் அகலத்திரையின் 2.40:1 விகிதம் அது. முழுத்திரையில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலேயே வரையாமல் விட்டார்கள் என்று கணக்குப் போட்டவர்கள், கருவிக்குத் தெம்பு போதாததால் போட்ட மூடாக்கு இது என்றார்கள். இல்லை, சினிமாச் சட்டகம் வேண்டும் என்று நாங்களே தேர்ந்தெடுத்தது என்றார்கள் செய்தவர்கள். நொடிக்கு 60 பிரேமுக்குப் பதில் 30 வைத்ததற்கும் அதே பதில்: திரைப்படத்தின் தோற்றம் வேண்டும்.

அவர்கள் சொன்னதை அப்படியே நம்புவோம். நம்பினால்தான் சிக்கல் தெளிவாகத் தெரிகிறது. அகலத்திரை ஒரு ஒளிப்பதிவாளரின் கருவி. சட்டகத்துக்குள் என்ன வர வேண்டும், என்ன வரக் கூடாது என்று அவர் முடிவு செய்வார். விளையாட்டில் கேமராவைத் திருப்புவது என் கட்டைவிரல். நான் ஒரு பெட்டிக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறேன். கேமரா கலஹாட்டின் தோளுக்குப் பின்னால் ஒட்டி நிற்கிறது, பாதித்திரையை அவர் முதுகு அடைத்துக்கொள்கிறது, மேலும் கீழும் பட்டை. எங்கிருந்தோ ஒருவன் சுடுகிறான். அந்த நேரத்தில் எனக்கு வேண்டியது அழகான சட்டகம் அல்ல, அவன் எங்கே நிற்கிறான் என்ற தகவல். லென்ஸ் ஓரத்தில் வரும் சிதைவு, ஃபிலிம் துகள் எல்லாம் சேர்த்து அந்தத் தகவலை இன்னும் மங்கலாக்குகின்றன. சினிமாவிலிருந்து இயக்குநரின் கண்ணை எடுத்து வந்தார்கள். அந்தக் கண்ணை ஆடுபவரின் விரலிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

30 பிரேம் வாதம் எனக்கு அதைவிட நொண்டியாகத்தான் படுகிறது. 2014-இல் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ பிஎஸ்4-க்கு மறுபதிப்பாக வந்தபோது 60-இலும் ஆடலாம், வேண்டுமானால் 30-க்கும் பூட்டிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 60-இல் ஆடியதால் அந்தக் கதை எனக்கு ஒரு துளியும் குறையவில்லை.

நடக்கச் சொன்னால் நடக்கிறோம்

சரி, காட்சிகளுக்கு நடுவே கை என்னதான் செய்கிறது? மூன்று வேலைகள்.

முதலாவது, நடப்பது. கட்சீன் முடிகிறது, கன்ட்ரோலர் நம்மிடம் வருகிறது, ஒரு தாழ்வாரத்தில் மெதுவாக நடக்கிறோம், அடுத்த கட்சீன் தொடங்குகிறது. ஓட விடமாட்டார்கள். வழியில் மேசை மேல் ஒரு புகைப்படமோ துப்பாக்கியோ கிடக்கும். எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். பார்த்துவிட்டு வைத்துவிடலாம். அதில் கண்டுபிடிக்க ஒன்றும் இருக்காது, பெரும்பாலும் அதைப் பார்த்ததால் கதையில் எதுவும் மாறவும் மாறாது. பொருட்காட்சியில் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து காட்டியது போல ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

இரண்டாவது, பதுங்கிச் சுடுவது. இதில் இரண்டு ஆயுதங்கள் உண்மையிலேயே அருமை. தெர்மைட் துப்பாக்கி முதலில் எரியும் தூளை மேகமாகக் கக்கும். அப்புறம் அதே துப்பாக்கியிலிருந்து ஒரு தீப்பொறியை விட்டால் மேகம் மொத்தமும் பற்றிக்கொள்ளும். எதிரி பெட்டிக்குப் பின்னால் ஒளிந்தாலும் தப்ப முடியாது. ‘பெட்டிக்குப் பின்னால் பதுங்கு’ என்ற அந்த வகை விளையாட்டின் விதியையே கவிழ்க்கிற ஆயுதம். ஆர்க் துப்பாக்கி மின்னலையே கையில் கொடுக்கும். இரண்டையும் சில இடங்களில் மட்டும் கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொள்கிறார்கள். மீதி நேரமெல்லாம் சாதாரணத் துப்பாக்கிகள். வீட்டில் வெண்கல உருளியை வைத்துக்கொண்டு அலுமினியச் சட்டியில் சமைப்பது மாதிரி.

மூன்றாவது, திரையில் முக்கோணம் தெரிந்தால் முக்கோணத்தை அழுத்துகிற க்யூடிஇ (குவிக் டைம் ஈவென்ட்). இந்த வகையின் பாட்டன் 1983-இல் வந்த ‘டிராகன்ஸ் லேர்’. டான் ப்ளூத்தின் கார்ட்டூன் லேசர்டிஸ்கில் ஓடும், சரியான நொடியில் குச்சியைத் தள்ளாவிட்டால் நாயகன் செத்துப்போவான். அன்றைக்கே, இதில் ஆடுவது நானா டிஸ்கா என்ற கேள்வி இருந்தது. ‘தி ஆர்டர்’ அந்தக் கேள்விக்கு 32 வருடம் கழித்தும் பதில் சொல்லாமல் கடந்துபோகிறது.

மூன்றும் சேர்ந்து கவிழும் இடம் ஒன்று உண்டு. விளையாட்டின் இடையில் மூத்த மனித ஓநாய் ஒன்றோடு கத்திச் சண்டை வரும். சின்ன இடம், விலகு, குத்து, நடுநடுவே க்யூடிஇ. முதல் தடவை பரவாயில்லை, நன்றாகவே இருந்தது. கடைசியில், தன்னோடு நின்று போரிட்ட லூக்கனே ஓர் ஓநாய் என்று தெரிந்து கலஹாட் அவரோடு மோதுகிறார். கதையின் உச்சம். எதிரில் நிற்பது சகோதரன் மாதிரி ஒருவர். ஆனால் கைக்குக் கிடைப்பது முன்பு ஆடிய அதே கத்திச் சண்டை. அதே அசைவுகள், ஏறக்குறைய அதே பட்டன்கள். கண் துரோகத்தைப் பார்க்கிறது; விரலோ, ‘இதைத்தான் ஏற்கெனவே முடித்துவிட்டோமே’ என்கிறது. விமர்சகர்கள் பலரும் இதைச் சோம்பேறித்தனம் என்று எழுதினார்கள். எனக்கு அது சோம்பலைவிடப் பெரிய தவறாகத் தெரிந்தது. கதை எழுதியவர்களுக்கு லூக்கன் ஒரு தனி மனிதர். ஆட்டத்தை அமைத்தவர்களுக்கு அவர் இன்னொரு ஓநாய்.

லட்சுமி வந்த பிறகும்

இதைவிட எனக்கு உறுத்தியது வேறொன்று, அதை அதிகம் பேர் பேசிப் பார்க்கவில்லை. கலஹாட்டின் கதை ஒரு கட்சி மாறலின் கதை. முதலில் அவர் அரசின் ஆள், கிளர்ச்சிக்காரர்களைச் சுடுகிறார். பிறகு, கம்பெனி ரத்தக்காட்டேரிகளைப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றி அனுப்புவது தெரியவருகிறது. இத்தனை காலம் தான் காத்துவந்த பேரரசின் பெயரில் நடப்பது என்ன என்று புரிந்து, லட்சுமியின் பக்கம் போகிறார். நூற்றாண்டுகளாக ஒரே சத்தியத்தோடு வாழ்ந்த ஒரு மனிதனுக்கு இது சாதாரண விஷயமா?

இந்த மாற்றம் முழுவதும் கட்சீன்களில் நடக்கிறது. நடிப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் கன்ட்ரோலர் கைக்குத் திரும்பும்போது பார்த்தால், முதலில் சுட்டவர்களுக்குப் பதில் இப்போது வேறு சட்டை போட்டவர்களைச் சுடுகிறோம். அதே பதுங்கல், அதே குறி, அதே பெட்டிகள். கட்சி மாறியது கலஹாட்டுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், என் விரல்களுக்குத் தெரியவில்லை. கிளர்ச்சிக்காரர்கள் எப்படிச் சண்டை போடுவார்கள்? ஆளும் குறைவு, ஆயுதமும் குறைவு, மறைந்து தாக்குவார்கள். அவர்கள் பக்கம் போனதும் ஆட்டமும் அப்படி மாறியிருந்தால், ஒரு வசனமும் இல்லாமல் அந்த மனமாற்றத்தை நான் உணர்ந்திருப்பேன். இவ்வளவு பெரிய ராணியைக் கதைக்குள் கொண்டுவந்துவிட்டு அவரைப் பேச மட்டும் விட்டது இன்னும் ஆறாத மனக்குறை. அந்தக் காட்டேரிகளும் அப்படித்தான். பெட்டிக்குள் காட்டுகிறார்கள், மோத விடவில்லை. இரண்டாம் பாகத்துக்கு எடுத்துவைத்திருப்பார்கள். இரண்டாம் பாகம் வரவே இல்லை.

ஒரே ஓர் இடத்தில் கதையும் கையும் ஒட்டின. சண்டையில் சாய்ந்தால், பட்டனை அழுத்திப் பிளாக்வாட்டர் குப்பியைக் குடித்து எழலாம். மற்ற விளையாட்டுகளில் ஓரமாகப் பதுங்கினால் உடம்பு தானாகத் தேறும். ஏன் என்று கேட்கக் கூடாது. இங்கே அதற்குக் காரணம் கழுத்தில் தொங்குகிறது. இப்படி யோசிக்கத் தெரிந்தவர்கள்தான் மீதியையும் செய்தார்கள் என்பது வருத்தத்தைக் கூட்டுகிறது.

அடுப்புக்குள் தவழ்ந்த கிழவர்

‘கட்சீன் அதிகம், அதனால் தோற்றது’ என்பவர்களுக்கு என் பதில் 2008-இல் வந்த ‘மெட்டல் கியர் சாலிட் 4’. ஹிடியோ கோஜிமா அதில் வைத்த முடிவுக் காட்சித் தொடர் மட்டும் 71 நிமிடம். கின்னஸ் புத்தகத்தில் ஏறிய நீளம். விளையாட்டில் உள்ள எல்லாக் கட்சீன்களையும் சேர்த்தால் ‘தி ஆர்டர்’ மொத்தத்தையும் விழுங்கிவிடும். அதற்குக் கிடைத்த மெட்டாக்ரிட்டிக் சராசரி 94. கிண்டல் செய்தவர்கள் அப்போதும் உண்டு, ஆனால் யாரும் டிஸ்கைத் தூக்கி எறியவில்லை.

ஏன்? முதல் காரணம், காட்சிகளுக்கு நடுவே கைக்குத் தலைவாழை விருந்து. ஒளிந்து போகலாம், மயக்கலாம், சுடலாம், சுவரின் நிறத்துக்கு உடையை மாற்றிக்கொண்டு படுத்தே கடக்கலாம். இரண்டாவது காரணத்துக்கு ஒரே ஓர் இடத்தைக் காட்டுகிறேன். கடைசிக் கட்டத்தில், காலத்துக்கு முந்தியே கிழவராகிவிட்ட நாயகன் ஸ்னேக், நுண்ணலை பாயும் ஒரு நீண்ட தாழ்வாரத்தைக் கடக்க வேண்டும். உடை எரிகிறது, நடை தளர்கிறது, பிறகு தவழ்கிறார். திரை இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதியில் வெளியே அவர் நண்பர்கள் சாகக் கிடப்பது ஓடுகிறது. நாம் செய்வது ஒன்றே ஒன்று: முக்கோணப் பட்டனை விடாமல் அடிக்க வேண்டும். அடித்தாலும் ஓர் அங்குலம்தான் நகர்கிறார். நிறுத்தலாமா என்று கட்டைவிரல் கெஞ்சும். அந்தக் கெஞ்சலும் அந்தக் கிழவரின் வலியும் ஒன்றாகிவிடும்.

கவனியுங்கள், இதுவும் க்யூடிஇ-யின் ஒன்றுவிட்ட தம்பிதான். ‘தி ஆர்டர்’ கேட்டதைவிட எளிய வேலை, ஒரே பட்டன். திரையில் ஓடுவது அசல் சினிமா. ஆனாலும் அது விளையாட்டில் மட்டுமே சாத்தியமான காட்சி. ஒரு படத்தில் நாயகன் தவழ்ந்தால் எனக்குப் பாவமாக இருக்கும்; இங்கே எனக்கே கை வலிக்கிறது.

நீளம் பற்றிய சண்டைக்கும் ஒரு சாட்சி இருக்கிறது. 2013-இல் வந்த ‘பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்’ மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். விலை 15 டாலர் என்பதால் யாரும் மணிக்கணக்குப் பார்க்கவில்லை என்று சொல்லலாம், அதில் நியாயம் உண்டு. ஆனால் அதை இயக்கிய யோசஃப் ஃபாரஸ், திரைப்பட இயக்குநராக இருந்து வந்தவர். சினிமாவை விளையாட்டுக்குள் திணிக்க எல்லா உரிமையும் உள்ளவர். அவர் செய்தது வேறு. கன்ட்ரோலரின் இடப்பக்கம் அண்ணன், வலப்பக்கம் தம்பி. ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் இரண்டு பேரை நடத்த வேண்டும். தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம். அண்ணன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நீந்துவான். அண்ணன் இறந்துவிடுகிறான். அதன் பிறகு இடக்கை சும்மா கிடக்கிறது. கடைசியில் தம்பி தனியாக ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும். அவன் பட்டனை எத்தனை அழுத்தினாலும் இறங்கமாட்டான். அண்ணனுடைய பட்டனை அழுத்தினால் நீந்துகிறான்.

வசனம் இல்லை, விளக்கம் இல்லை. அவர்கள் பேசுவதே புரியாத ஒரு மொழி. நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் சொல்வதால் ‘தி ஆர்டர்’ பக்கம் நின்றவர்கள் முட்டாள்கள் என்று ஆகாது. ஓய்வாக உட்கார்ந்து ஓர் அழகான லண்டனில் ஏழு மணி நேரம் திரிய வேண்டும், அதற்குமேல் ஒரு தொந்தரவும் வேண்டாம் என்பது நியாயமான ஆசைதான். எனக்கும் சில இரவுகளில் அப்படித் தோன்றும். அதே சமயம், ‘ஹாஃப்-லைஃப்’ 1998-இலேயே கேமராவை ஆடுபவரிடமிருந்து பிடுங்காமல் கதை சொன்னதே, கட்சீனே வேண்டாம் என்று வாதிடுகிறவர்களோடும் என்னால் போக முடியவில்லை. அந்த வழியில் போனால் ஸ்னேக்கின் தாழ்வாரம் கிடைத்திருக்காது.

ரெடி அட் டான் அடுத்து என்ன செய்தது என்று பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. 2017-இல் ஓக்குலஸ் ரிஃப்ட் என்ற மெய்நிகர் கருவிக்காக ‘லோன் எக்கோ’ என்றொரு விளையாட்டை வெளியிட்டார்கள். சனிக்கோளின் வளையங்களுக்கு அருகே ஒரு விண்வெளி நிலையம். நாம் ஜாக் என்கிற இயந்திர மனிதன், கூட இருப்பவர் ஒலிவியா என்ற கேப்டன் ஒருவர் மட்டும். கறுப்புப் பட்டை கிடையாது. தலைக்கருவியில் பட்டை போட இடமும் கிடையாது. ஈர்ப்புவிசை இல்லாததால் நடக்கவும் முடியாது. நகர வேண்டுமென்றால் கையை நீட்டி எட்டுகிற எதையாவது பற்றி, உந்தித் தள்ள வேண்டும். பற்றும் இடத்துக்கு ஏற்றபடி ஜாக்கின் விரல்கள் ஒவ்வொன்றும் வளைந்து கொடுக்கும். கதையும் நன்றாகவே சொன்னார்கள். 2020-இல் ஃபேஸ்புக் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2021-இல் ‘லோன் எக்கோ 2’ வந்தது. 2024 ஆகஸ்டில் ரெடி அட் டான் மூடப்பட்டது.

கலஹாட் இன்னும் லண்டனில் ஒரு கூரை மேல்தான் நிற்கிறார்.